கல்லில் ஏறத் தகுதியானவர்கள்

பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்புறமுள்ள பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், செக்கோசிலவாக்கிய வான்வீரர் நினைவுக்கல் அமைப்புக் குழு 1991ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கி வந்தது. கதவில் பித்தளைப் பலகை இருந்தது. பதினொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். கல்லின் நிறத்துக்கு ஓர் உபகுழு, திரைச்சீலைக்கு ஓர் உபகுழு, மலர்வளையம் வைக்கும்போது யார் முதலில் குனிவது என்பதற்கு ஓர் உபகுழு என்று எல்லாம் இருந்தன. கல் மட்டும் இல்லை. அந்தக் குறை தெரியாமலிருக்க எடையில்லாத ரெஜிபோம் நுரையில் ஒரு மாதிரிக் கல் செய்து மூலையில் நிறுத்தி, ஆண்டுதோறும் அதற்கு ஒத்திகையாக மலர்வளையம் வைத்தார்கள். சன்னல் திறந்திருந்த ஒரு வருடம் மாதிரிக் கல் காற்றில் சரிந்து தலைவரின் தோளில் விழுந்தது. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் விசாரிக்க நான்காவது உபகுழு அமைக்கப்பட்டது.

இத்தனை பேர் சேர்ந்து நினைக்க வேண்டியிருந்தது நாலே நாலு இளைஞர்களை. தங்கள் நாட்டை ஜெர்மன் படை பிடித்தபோது எல்லை தாண்டி ஓடி, இங்கிலாந்து விமானப் படையில் சேர்ந்து, என்றைக்காவது வீடு திரும்பலாம் என்று பறந்தவர்கள். 1943இல் அவர்களுடைய விமானம் பலெர்மோவின் கால்சாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐந்து பேரில் மூவரின் உடல்கள் கரையொதுங்கின. லாதிஸ்லாவ் ஹோராக் என்ற லாட்யா கிடைக்கவே இல்லை. ஐந்தாமவரான மிரோஸ்லாவ் க்ராலிக் நீந்திப் பிழைத்தார்.

பிழைத்தவர் யுத்தம் முடிந்து ஊருக்குப் போனார். அங்கே வந்த புதிய அரசாங்கம், ‘நீ அந்நியனுக்காகப் பறந்தவன்’ என்று சொல்லி மறியலில் போட்டது. சிறையிலிருந்து வெளியே வந்ததும் மறுபடி ஓடினார். ஓடிவந்து நின்ற இடம், சிநேகிதனைப் பறிகொடுத்த அதே கடற்கரை. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை பார்த்தார், உள்ளூர்ப் பெண்ணை மணந்தார், பிள்ளைகள் இல்லை. இப்போது மனைவியும் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது, நடக்காத கால்கள், பூ விழுந்த கண்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர் தொன் மீரோ.

தொன் மீரோவைக் குளிப்பாட்டி, முகம் வழித்து, சீனி வருத்தத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் யாழ்ப்பாணத்துக் குகனேஸ்வரி. அவளுடைய கணவர் கோபாலசிங்கம் 1992இல், யுத்தத்தின் நடுவே, கிளாலிக் கடலைக் கடக்கப் படகேறியவர். அக்கரையில் அவர் இறங்கியதை யாரும் காணவில்லை. உடலையும் யாரும் காணவில்லை. அதனால் வீட்டில் செத்தவருக்குச் செய்யும் எட்டும் செய்யவில்லை, முப்பத்தொன்றும் செய்யவில்லை. நெற்றியில் குங்குமத்தோடுதான் அவள் இத்தாலிக்கு வந்தாள். அதோடுதான் தரை துடைத்தாள்.

வந்த புதிதில், தான் குண்டு போடும் விமானத்தில் இருந்தவன் என்று கிழவர் சொன்னபோது அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடி ஒளிந்தவளுக்கு வேறென்ன செய்யத் தோன்றும்? மூன்றாம் நாள் அவர் லாட்யாவைப் பற்றிச் சொன்னார். இருவரும் இத்தாலியனில்தான் கதைத்தார்கள். இருவருக்குமே அது இரவல் பாஷை. அவள் மனதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

“லாட்யாவுக்கு நீந்தத் தெரியாது. ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவன். ‘நான் போய்ப் படகோட வாறன்’ எண்டு சொல்லிப்போட்டு நீந்தினனான். அவன் கனநேரம் கூப்பிட்டவன். பிறகு கூப்பிடேல்லை.”

“படகோட திரும்பிப் போனீங்களோ?”

“போனனான். பலகை மட்டும் கிடந்தது.”

கிழவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. அந்தக் குழு வைக்கப்போகும் கல்லிலே லாட்யாவின் பெயர் வெட்டப்பட வேண்டும். கண் தெரியாவிட்டாலும் அதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஐம்பது வருடமாக அந்தப் பெயரைத் தான் ஒருவனே வைத்திருப்பதாகவும், தான் கண்ணை மூடினால் அதுவும் போய்விடும் என்றும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துவிட்டு, “நான் போய்க் கேக்கிறன்” என்றாள். ஒரு பெயரைக் கல்லில் வெட்டுவது பெரிய காரியமில்லை என்று அவள் நினைத்தாள். பாவம், கமிட்டிகளைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் கட்டடத்தின் படிகளைத் துடைப்பவள் மன்னார்க்காரி அனிற்றா. மின்தூக்கி பழுது என்பதால் படியேறி வந்த குகனேஸ்வரியை வாளியோடு மறித்தாள்.

“எங்கையக்கா போறியள்? அந்தக் கமிட்டிக்கோ? ரெண்டு வரியமா இஞ்சை துடைக்கிறன். கோப்பி குடிப்பினம், கூட்டம் போடுவினம். ஒரு அலுவல் முடிஞ்சு போனவையை நான் காணேல்லை.”

“ஒரு பேர்தானே பிள்ளை. சொல்லிப்போட்டு வாறன்.”

குழுவின் செயலாளர் தொத்தோர் லமாந்தியா எழுந்து நின்று கைகொடுத்தார். பிழை சொல்லக் கூடாது, மிக மரியாதையான மனிதர்.

“அம்மணி, தாங்கள் பொருத்தமற்ற காலத்தில் வந்துவிட்டீர்கள். எமது குழு செக்கோசிலவாக்கியருக்கானது. 1993 ஜனவரி முதலாம் திகதி அந்த நாடு இரண்டாகிவிட்டது. இல்லாத நாட்டின் வீரர்களை நினைவுகூர எமது யாப்பு விதிகளில் இடமில்லை. ஆனால் நாம் சும்மா இருக்கிறோம் என்று எண்ண வேண்டாம். யாப்பைத் திருத்துவதற்கான யாப்பை எழுதிக்கொண்டிருக்கிறோம்.”

ஆறு மாதம் கழித்துத் தீர்மானம் வந்தது. கல்லின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் செக் நாட்டார், வலது பக்கம் சிலவாக்கியர். கரையொதுங்கிய மூவரும் இடது பக்கம் போய்விட்டார்கள். லாட்யாவிடம்தான் சிக்கல். தகப்பன் இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். இரு நாட்டுக்கும் மனம் நோகாதபடி, பையனின் பெயரை இடப்புறத்திலும் குடும்பப் பெயரை வலப்புறத்திலும் வெட்டலாம் என்று நிறத்துக்கான உபகுழு ஆலோசனை சொன்னது.

குகனேஸ்வரி இதை வந்து சொன்னபோது கிழவர் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவன்ரை தாயும் தகப்பனும் ஒரே கட்டிலிலைதான் படுத்தவை. நடுவிலை கோடு ஒண்டும் கிடக்கேல்லை.”

கடைசியில் கோட்டின் அகலத்தில் உடன்பாடு வராததால் கோடு கைவிடப்பட்டது. இதற்குள் விமானம் விழுந்த ஐம்பதாவது ஆண்டு கடந்து போயிருந்தது. குழு அசரவில்லை. யுத்தம் முடிந்த ஐம்பதாவது ஆண்டு 1995இல் வருகிறதே என்று அதற்குத் திகதி வைத்தது.

அடுத்த முறை குழுவின் தலைவரே அவளைச் சந்தித்தார். கொமெந்தத்தோரே என்பது அவருடைய பட்டம். சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கக் கூடும் என்பது அனிற்றாவின் கருத்து. அவர் இருந்தபடி பேசத் தெரியாதவர். சன்னலோரம் போய் நின்றுகொண்டு, கூட்டம் இருக்க வேண்டிய திசையைப் பார்த்துப் பேசினார்.

“இந்தக் கல் வீழ்ந்தவர்களுக்கானது. வீழ்ந்தவர் என்றால் இறந்தவர். ஹோராக் என்பவருக்கு மரணப் பத்திரம் இல்லை, கல்லறை இல்லை. அவர் காணாமற்போனவர். காணாமற்போனவர் இறந்தவர் அல்லர்! ஒரு மனிதனை ஆதாரமின்றி இறந்தவன் என்று சொல்லும் கொடுமையை இந்தக் குழு ஒருபோதும் செய்யாது. கடைசிப் பத்திரம் கைக்கு வரும்வரை அவர் எங்களைப் பொறுத்தவரை உயிரோடுதான் இருக்கிறார்.”

குகனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்கியிருப்பாள்! ஊரில் ஒருவர், ‘இனிப் பார்த்திருந்து என்ன செய்யப்போகிறாய்’ என்றார். இத்தாலியில் ஒருவர் அவளுடைய நெற்றியைப் பார்த்துவிட்டு, படிவத்தில் கைம்பெண் என்று போடவா, மனைவி என்று போடவா என்று பேனையை ஆட்டினார். இந்த வசனத்தை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் தொந்திக்கார மனிதரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. படியிறங்கிப் பாதி வழி வந்த பிறகுதான், அந்த வசனம் லாட்யாவைக் கல்லிலிருந்து இறக்கிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது.

“மரணப் பத்திரம் இல்லாட்டி, செத்ததைப் பகிரங்கமா அறிவிச்ச நோட்டீஸ் எண்டாலும் வேணுமாம்,” என்று அனிற்றாவிடம் சொன்னாள். “செயலாளர் சொன்னவர்.”

“அதுக்கென்னக்கா! இந்த ஊரிலை செத்தவீட்டு நோட்டீஸ் ஒட்டாத மதில் எங்கை கிடக்கு? அச்சுக்கூடத்திலை ஒரு மணித்தியாலத்திலை அடிச்சுத் தருவாங்கள்.”

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கிடைக்காத ஒருவனைச் செத்தவன் என்று தன் வாயால் எழுதக் கொடுப்பதா? லாட்யாவுக்கு எழுதினால் தன் மனுசனுக்கும் எழுதியது போலாகிவிடாதா? உள்ளே கட்டிலில் கிழவர் இருமிக்கொண்டிருந்தார். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. டொக்டர் வேறு கையை விரித்திருந்தார். காலையில் முகம் கழுவி, குங்குமத்தை வழமையைவிடச் சற்றுப் பெரிதாக வைத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனாள்.

அங்கேதான் பிழை நடந்தது. நம்மவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. சிசிலிக்காரருடைய மரண அறிவித்தல் மிகச் சுருக்கம். ஒரு சிலுவை, பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர், கீழே இரண்டு வரி. குகனேஸ்வரியோ காலையும் மாலையும் வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு ஒரே முறைதான் தெரியும். நின்றபடியே சொன்னாள். அச்சுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இத்தாலியனில் எழுதிக்கொண்டார்.

‘மொறாவியாவைப் பிறப்பிடமாகவும் பலெர்மோக் கடலை வதிவிடமாகவும் கொண்ட லாதிஸ்லாவ் ஹோராக் அவர்கள் 1943ஆம் ஆண்டு கடலில் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற ஹோராக் தம்பதியரின் அருமை மகனும், மிரோஸ்லாவ் க்ராலிக்கின் உயிர்ச் சிநேகிதனுமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தகவல்: மிரோஸ்லாவ் க்ராலிக்.’

அதன் கீழே கிழவருடைய பிறந்த திகதி, வீதி, இலக்கம், மாடி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்தாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வீடு தெரியாமல் அலையக் கூடாது அல்லவா? அச்சுக்காரர் முப்பது வருட அனுபவசாலி. முழு விபரமும் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் பிணம் என்று தீர்மானித்து, மிரோஸ்லாவ் க்ராலிக் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுப் பக்கத்தில் ஒரு சிலுவையும் வைத்தார். குகனேஸ்வரிக்குப் பொருத்தமாகவே பட்டது. தகவல் தருகிறவரின் பெயர் தெளிவாகத் தெரியத்தானே வேண்டும். அவளும் அனிற்றாவும் நாற்பது நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை கீழ்வீட்டுச் சின்யோரா, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, துக்கவீட்டு முறைப்படி சாப்பாட்டுத் தட்டோடு கதவைத் தட்டினார். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தது தொன் மீரோ. தட்டு விழுந்து, பாஸ்தா இரண்டு மாடிக்கு உருண்டது. மத்தியானத்துக்குள் மூன்று மலர்வளையங்கள் வந்தன. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் தொலைபேசியில் அழுது, கிழவரிடமே கிழவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். “உயிரோட இருக்கேக்கை ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்லை,” என்றார் தொன் மீரோ.

குழுவுக்கு நோட்டீஸ் மிகவும் பிடித்துப்போனது. பெயர், பிறந்த திகதி, முகவரி, சிலுவை. இவ்வளவு பூரணமான ஆவணம் இதுவரை கிடைத்ததில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். கல்லின் பட்டியலில் நாலாவது பெயர் ஏறியது: மிரோஸ்லாவ் க்ராலிக். ஹோராக்குக்கோ மரணத் திகதி இல்லை, நேரம் இல்லை. கடலை வதிவிடம் என்று சொல்லியிருப்பதால் அவர் அங்கே வசிப்பதாகவே கொள்ள வேண்டும். அவருடைய ஆவணக் கோவை, இனி அமைக்கப்படவிருக்கும் காணாமற்போனோருக்கான உபகுழுவுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது.

விஷயம் தெரிந்ததும் குகனேஸ்வரி அனிற்றாவிடம் ஓடினாள். அவளும் அனிற்றாவும் கிழவரை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். லமாந்தியா எழுந்து நின்று அவருக்கும் கைகொடுத்தார்.

“தங்களைக் கண்டதில் பெருமகிழ்ச்சி. ஆனால் நேரில் வருவது ஆவணமாகாது. நேரில் யாரும் வரலாம். தாங்கள் உயிரோடிருப்பதற்கு நகராட்சியின் சான்றிதழ் வேண்டும்.”

வரிசையில் நின்று அதையும் எடுத்து வந்தாள். லமாந்தியா வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“இது ஏப்ரல் மூன்றாம் திகதி வழங்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் மூன்றில் தாங்கள் உயிரோடிருப்பதைக் குழு மனமார ஏற்கிறது. ஆனால் எமது பட்டியல் மார்ச் முப்பத்தொன்றில் மூடப்பட்டது. மார்ச் முப்பத்தொன்றில் தாங்கள் உயிரோடிருந்ததற்கு எம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை.”

கிழவர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “லாட்யா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய கோவை மிகவும் பாதுகாப்பாக இருப்பதாகப் பதில் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு குகனேஸ்வரி அவருடைய காலடியில் இருந்து அழுதாள். தன்னுடைய வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் சாப்பிடவில்லை.

மே மாதம் கால்சாவில், கடலைப் பார்த்த ஒரு சிறு புல்தரையில் திறப்புவிழா நடந்தது. பின்னால், 1943இல் குண்டு விழுந்து பாதியாக நின்ற வீடொன்று அப்படியே கிடந்தது. யார் போட்ட குண்டு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று திரைச்சீலைக்கான உபகுழு அதன் மேல் பெரிய துணியொன்றைத் தொங்கவிட்டிருந்தது. வாசலில் நின்ற இளைஞன் பட்டியலைப் பார்த்து, க்ராலிக் என்பவர் வீழ்ந்தோரில் இருப்பதால் அவருக்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை என்று வருத்தம் தெரிவித்தான். அவர் இருக்கையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்று சொல்லி அனிற்றா நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

கொமெந்தத்தோரே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“பெருமக்களே! நாலு வருடங்கள்! நாற்பத்தேழு கூட்டங்கள்! எத்தனை மாலைப்பொழுதுகளை நாங்கள் தியாகம் செய்தோம் என்பதை இந்தக் கல் சொல்லும். அந்த இளைஞர்கள் ஓரிரவு பறந்தார்கள். நாங்களோ நாலு வருடம் இருந்தோம்! இருந்த இடத்தை விட்டு அசையவில்லை! எமது நகரின் வானத்தை நேசித்து, அதன் மேல் வட்டமிட்டு, எதையோ விட்டுச்சென்ற அந்த வீரர்கள் இன்று எம்மைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? நன்றி என்று சொல்வார்கள்!”

கைதட்டல் ஓய்ந்ததும் திரை விலகியது. கல் மிக அழகாக இருந்தது. மேல் பாதியில் பதினொரு உறுப்பினர்களின் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. அடியில், சிறிய எழுத்தில், நாலு பெயர்கள்.

“குகா, லாட்யா இருக்கிறானோ?”

பொய் சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் விரலை முன்னே நீட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லை. மற்ற மூண்டு பேரும் இருக்கினம். நாலாவது உங்கடை பேர்.”

“என்னைக் கிட்டக் கொண்டுபோ.”

அவர் கல்லைத் தடவினார். தன் பெயரை ஒரு தரம் தடவினார், திரும்பவும் தடவினார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்பதையும் தடவி அறிந்துகொண்டார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு கடலின் பக்கம் முகத்தைத் திருப்பினார். மூச்சு வாங்குகிறது என்று குகனேஸ்வரி பயந்து குனிந்து பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் அந்த முகத்தை இத்தனை நாளில் அவள் கண்டதில்லை. எதையோ இறக்கி வைத்தவருடைய முகம்.

“அப்ப பலகையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது நான்,” என்றார். “நீந்திப் போனது லாட்யா.”

“அவருக்கு நீந்தத் தெரியாதெண்டு சொன்னனீங்கள்.”

“இவ்வளவு பெரிய ஆக்கள் கல்லிலை வெட்டியிருக்கினம், குகா. பிழையா வெட்டுவினமோ? நான்தான் செத்தது. அவன் கரையேறிட்டான். கரையேறி வீட்டை போயிருப்பான். தாய் கதவைத் திறந்திருப்பா.”

லமாந்தியா வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். திருத்தம் கோரும் படிவம் அச்சாகிக்கொண்டிருப்பதாகவும், இரண்டு மூன்று வருடங்களில் ஆவன செய்யலாம் என்றும் சொன்னார். கிழவர் தலையசைத்தார்.

“வேண்டாம். ஒண்டையும் மாத்தாதேங்கோ. அப்பிடியே கிடக்கட்டும்.”

குழுவின் வரலாற்றில் திருப்தியோடு போகும் முதல் மனிதர் இவர். லமாந்தியா நெகிழ்ந்துபோனார். இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். கிழவர் முகத்தைக் கடலின் பக்கமே வைத்திருந்தார். அப்போது குகனேஸ்வரி, இதுவரை எந்தக் கந்தோரிலும் தனக்கென்று எதையும் கேட்காதவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சின்யோர், உங்கடை கமிட்டிக்கு எங்கடை ஊரிலை கிளை ஏதும் இருக்கோ?”

“இதுவரை இல்லை, அம்மணி. ஏன்?”

“கிளாலிக் கரையிலை ஒரு கல்லு வைக்க வேணும். அதிலை என்ரை பேரை வெட்டுங்கோ. அவர் வீட்டை வரட்டும்.”

எங்கள் புகழ் கடல் கடந்துவிட்டது என்ற பூரிப்போடு லமாந்தியா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். ஊரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். அவள் நிதானமாக, ஒன்றும் தவறிவிடாதபடி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.